ஸ்ரீநகரிலிருந்து லே நகருக்கு

ஸ்ரீநகர், லே வானூர்தி நிலையங்களுக்கு இடைப்பட்ட நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 255 கி.மீ. ஆகும். சாலையோ மலைகளைச் சுற்றிச் சுற்றி 420 கி.மீ. அளவுக்கு நீள்கிறது. சோஜி லா கணவாய் வழியே செல்வோர் பெரும்பாலும் கார்கிலில் ஓர் இரவு தங்குவர். வானூர்தி ஒரு மணி நேரத்திற்குள் லே நகரை அடைந்துவிடும்.

மணிக்கு 800 கி.மீ. விரைவில் பறந்தால் 20 நிமிடம் போதுமே என நீங்கள் கணக்கிடலாம். ஆனால் முழு விரைவு நடுவழியில் சிறிது நேரமே கிட்டும். ஏறுவதற்கும் இறங்குவதற்குமே மிகுந்த நேரம் செலவாகும். பிற்பகலில் மலைக்காற்று வலுப்பதால், பெரும்பாலான வானூர்திகள் காலையிலேயே வந்து திரும்புகின்றன.

லே நிலையம் கடல்மட்டத்திலிருந்து 3256 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஸ்ரீநகர் நிலையத்தின் உயரம் அதில் ஏறத்தாழப் பாதியே. உயிர்வளி குறைந்த அக்காற்றுக்குப் பழகிக்கொள்ளச் சாலைப்பயணம் உடலுக்குச் சற்றேனும் காலம் அளிக்கிறது, வான்பயணம் அளிப்பதில்லை. எனவே பறந்து வருவோர் முதல் ஓரிரு நாள் ஓடியாடாமல் ஓய்வு கொள்ளுதல் வேண்டும். தலைவலியும் குமட்டலும் மிகுந்தால் உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும். பொறுத்துக்கொள்வது வீரம் அன்று.

பயிற்சி: தந்தையாரின் பணிமாற்றத்தால் லே நகருக்குப் பறக்கவிருக்கும் நண்பனுக்கு ஐந்து வரிகளில் கடிதம் எழுதுக.