கவசம் பொருந்துவது காகிதத்தில்

நாடகத்துக்கோ குறும்படத்துக்கோ வேடப் போட்டிக்கோ தோல் கவசம் செய்ய முனைபவர்கள் முதலில் தேடுவது நல்ல தோலையும் கூரான கத்தியையும்தான். ஆனால் உடம்போடு ஒன்றி நிற்கும் கவசத்தையும் தொளதொளவென்று ஆடும் கவசத்தையும் பிரிப்பது காகிதத்தில் வரையும் வெட்டு மாதிரி. துணியில் அளவு தவறினால் பிரித்துத் தைக்கலாம். தோலில் குத்திய துளை மறையாது, குறைத்து வெட்டிய ஓரம் வளராது. ஆகவே மொத்த உழைப்பில் பாதிக்கு மேல் காகிதத்துக்கே கொடுக்க வேண்டும். முன்கைக் கவசத்தைக் கொண்டு இதைத் தெளிவாகக் காட்டலாம். அது சிறியது, தோலும் அதிகம் செலவாகாது.

முதல் படி அளவெடுப்பது. கவசத்துக்குள் அணியப்போகும் சட்டையை அணிந்து, கையை மடக்கி, முஷ்டியை இறுக்கி அளக்க வேண்டும். தளர்ந்த கையில் எடுத்த அளவு, தசை புடைக்கும்போது இறுக்கும். மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே ஒரு சுற்றளவு, முழங்கை மடிப்புக்குச் சற்றுக் கீழே இன்னொன்று, இரண்டுக்கும் இடைப்பட்ட நீளம். இவை 17, 26, 22 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பலர் இந்த மூன்று எண்களைக் கொண்டு நேர்கோடுகளால் ஒரு சரிவகம் வரைந்து வெட்டிவிடுகிறார்கள். முன்கையோ நுனி வெட்டிய கூம்பு. கூம்பை விரித்தால் இரு ஓரங்களும் வில்லாகவே விழும். இந்த அளவுகளுக்குக் கணக்கிட்டால், கீழ் ஓரம் ஏறத்தாழ 9 மி.மீ., மேல் ஓரம் 13 மி.மீ. வளைகின்றன, இரண்டும் முழங்கைப் பக்கமாகவே. நேர்கோட்டில் வெட்டினால், கயிறு கட்டும் இடத்தில் மேல் ஓரம் கூராக நீண்டு, கை மடியும்போதெல்லாம் சதையில் குத்தும்.

உண்மையான கை கணிதக் கூம்பும் அல்ல. எனவே இரண்டாம் படியாகக் கையின் வடிவத்தையே பிரதி எடுக்க வேண்டும். கையில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் மாஸ்கிங் டேப்பைச் சிறு துண்டுகளாக இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். ஓரங்கள், நடுக்கோடு, கயிறு வரும் இடம் ஆகியவற்றைப் பேனாவால் குறித்தபின், உட்புறக் கோட்டில் கத்தரித்து மேசைமேல் விரியுங்கள். எங்கே தட்டையாகப் படிய மறுக்கிறதோ அங்கே தையற்காரர் ‘டார்ட்’ என்று சொல்லும் முக்கோண மடிப்பு தேவை, அல்லது தோலை ஈரத்தில் இழுத்து வடிவம் கொடுக்க வேண்டும். விரித்த வடிவத்தைக் காகிதத்தில் வரைந்து தோலின் தடிமனையும் சேருங்கள். 3 மி.மீ. தோல் கையைச் சுற்றும்போது அதன் நடு அடுக்குக்கு ஏறத்தாழ 9 மி.மீ. கூடுதல் சுற்றளவு வேண்டும். பிறகு கயிற்று இடைவெளிக்காக 3 செ.மீ. கழியுங்கள். இந்த மாதிரியை 3 மி.மீ. ஃபோம் தாளில் வெட்டி அணிந்து, கையை மடக்கியும் மணிக்கட்டைச் சுழற்றியும் பாருங்கள். மெல்லிய காகிதம் மறைக்கும் பிழைகளைத் தடித்த ஃபோம் காட்டிக்கொடுக்கும்.

கயிற்றை இறுக்கிச் சரிசெய்யலாமே, இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். கயிறு சுற்றளவைக் கூட்டும், குறைக்கும். ஓரத்தின் வளைவையும் சரிவின் கோணத்தையும் அதனால் மாற்ற முடியாது. ஆயத்த மாதிரிகள் கிடைக்கின்றனவே என்பது இன்னொரு கேள்வி. அவை யாரோ ஒருவரின் கைக்கு வரைந்தவை. துளைகளின் இடைவெளியையும் அலங்காரத்தையும் அவற்றிலிருந்து கற்கலாம்; பொருத்தத்தைக் கடன் வாங்க முடியாது.

இனித்தான் தோல். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலே வேண்டும். ஈரத்தில் கொடுத்த வடிவத்தை அதுவே உலர்ந்தபின் பிடித்து வைக்கும். குரோமியத்தில் பதனிட்டது மீண்டும் துவண்டுவிடும். வெட்டிய ஓரம் நீலச் சாம்பலாகத் தெரிந்தால் அது குரோமியத் தோல். ஆவாரம்பட்டையால் பதனிடும் மரபு தமிழ்நாட்டில் நெடுங்காலமாக உண்டு. ஆனால் அப்படிப் பதனிட்டதாயினும் ஆட்டுத்தோல் கவசத்துக்கு மிக மெல்லியது. 3 முதல் 4 மி.மீ. தடிமனுள்ள மாட்டுத்தோலையோ எருமைத்தோலையோ கேளுங்கள். வயிற்றுப் பகுதி இழுபடும் என்பதால் முதுகுப் பகுதியிலிருந்து வெட்டுங்கள். இடக்கைக்கும் வலக்கைக்கும் மாதிரியைத் திருப்பிப் போட மறக்காதீர்கள். துளைகளை முன்னதாகவே இட்டு, ஓரங்களைச் சீவி மழுக்குங்கள்.

பிறகு தோலை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, மேற்பரப்பின் நிறம் பழைய நிலைக்குத் திரும்பத் தொடங்கும்போது, பிளாஸ்டிக் சுற்றிய கைமீது வைத்துத் தடவி வடிவமையுங்கள். வெயில் படாத காற்றில் ஒரு நாளாவது உலரட்டும். ஈரத்தோலில் இரும்பு பட்டால் கருங்கறை விழும். ஆகவே பித்தளை ரிவெட்டுகளே நல்லவை. இடைக்காலத்தில் தோலைக் கெட்டியாக்கிக் கவசம் செய்தார்களே, கொதிநீரில் இடக் கூடாதா? லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள 14ஆம் நூற்றாண்டு மேற்கைக் கவசம் அத்தகையதுதான். ஆனால் மிகுந்த சூட்டில் தோல் சுருங்கும், எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, கூடிப்போனால் நொறுங்கும். கவனமாக வரைந்த அளவு ஒரு நிமிடத்தில் பாழாகும். வாளைத் தடுக்க வேண்டியிராத வேடக் கவசத்துக்கு, ஈரத்தில் வடித்த விறைப்பே போதும்.

மார்புக் கவசத்துக்கும் இதே வரிசைதான். அங்கே அக்குள் வெட்டை முன்பக்கம் தாராளமாக எடுத்து, கீழ் ஓரத்தை இடுப்பு மடியும் இடத்தோடு நிறுத்துங்கள். பொருந்திய மாதிரியைத் தடித்த அட்டையில் பெயர்த்து, தோலின் தடிமனையும் செய்த திருத்தங்களையும் அதிலேயே எழுதிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த கவசத்தின் வேலை அந்த அட்டையிலிருந்து தொடங்கும்.