அடுப்பங்கரை கட்டும் மருமகளுக்கு

மாரியூர்

அன்பு மருமகளுக்கு அத்தை எழுதுவது.

நம்ம வீட்டு அடுப்பங்கரையைப் பழைய மாதிரி மாற்றப்போகிறாய் என்று உங்கப்பா சொன்னான். நீ அனுப்பிய படங்களையும் பார்த்தேன். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை, வெளிர்பச்சை ஃபிரிட்ஜ், குரோமியக் கால் வைத்த மேசை. 1950களில் அமெரிக்க வீடுகளில் இருந்த சமையலறை அது. அழகுதான் தாயி. ஆனால் இங்கே உப்புக்காற்றில் குரோமியம் பொரிந்து உள்ளிருக்கும் இரும்பு துருவேறிவிடும். கடலோரத்தில் எது தாங்கும் என்று பார்த்து நம் ஆட்கள் புழங்கிய பழசு ஒன்று இருக்கிறது. அதைக் கட்டு.

முதலில் சுவர். கடற்கரை மணல் சும்மா கிடைக்கிறதே என்று கொத்தனார் சொன்னால் சம்மதிக்காதே. அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பூச்சு உதிரும், கம்பி துருப்பிடிக்கும். கலவைக்கு நல்ல தண்ணீர் ஊற்றச் சொல். பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம்; சுண்ணாம்பு அடித்தால் சுவரின் ஈரம் வெளியே போகும்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல் என்றாய், நல்ல ஆசை. கண்ணாடிமேல் வார்த்துத் தண்ணீரில் ஊறவைக்கிற சிமென்ட் கல் அது, சூளையில் சுடுவதில்லை. அந்தக் கண்ணாடி கொடுக்கிற பளபளப்பு மிதிக்க மிதிக்கக் கூடும். புளியும் எலுமிச்சையும் சிந்தினால் மட்டும் அரித்துக் கறையாகிவிடும். தினமும் மீன்குழம்புக்குப் புளி கரைக்கிற வீடு நம்முடையது. ஆகவே மேடைக்கும் தொட்டியோரத்துக்கும் கருங்கல் போட்டுவிட்டு, ஆத்தங்குடியைச் சாப்பிடும் இடத்துக்கு வைத்துக்கொள்.

கூரைக்குப் பனங்கை வேண்டுமென்றால் நிற்கிற மரத்தை வெட்டச் சொல்லாதே. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் சொல்லிவிட்டார்கள். அறிவிப்பே இல்லாவிட்டாலும், சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சிப் பிழைக்கிறவர்களின் சோறு அது. இடிக்கிற பழைய வீடுகளில் வைரம் பாய்ந்த கை கிடைக்கும். பொறுத்துத் தேடு.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் பித்தளைப் பாத்திரங்களைப் பார்த்து மனசு அலையும். நீ சமைக்கப்போவதை மட்டும் வாங்கு. உள்ளே வெள்ளீயம் பூசாமல் சமைத்தால் புளி செம்பைக் கரைத்துக் குழம்பில் இறக்கிவிடும். காரீயம் கலந்த பூச்சோ நஞ்சு. பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரம் போட்டு, உன் கண்முன்னே பூசித் தருகிறவரிடம் கொடு. பெயர்ந்துபோன எனாமல் தட்டில் சோறு போடாதே.

இன்னொன்று. அந்தக் கால அடுப்பங்கரையில் எங்களைக் கேட்காமலே புகையும் முதுகுவலியும் இருந்தன. உன் அப்பத்தா இருமி இருமியே ஆக்கினாள். அதையெல்லாம் அழகென்று திரும்பக் கொண்டுவராதே. அம்மியை இடுப்பு உயர மேடையில் வை, நின்றபடி அரைக்கலாம். புது அம்மியைக் கொத்தி வாங்கி, முதலில் தவிட்டை அரைத்துக் கொட்டு, கல்துகள் போய்விடும். கேஸ் அடுப்பு இருக்கட்டும். அதன் தலைக்குமேல் புகைபோக்கியும் இருக்கட்டும். தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கிற மாதங்களில் காற்று மணலை அள்ளிவரும். தென்மேற்குச் சன்னலுக்குக் கதவு இறுக்கமாக வேண்டும்.

வீட்டிலிருக்கும் பித்தளைத் தவலையையும் குண்டானையும் விற்றுவிடாமல் எடுத்து வை. சித்திரையில் வருகிறேன், எதற்கு வெள்ளீயம் பூச வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
அத்தை