பெயர் தேடும் நெறி

நுழையும்முன்

ஒரு பெயர் எதனைக் குறிக்கிறது என்று அறிய அதனை எங்கே தேடுவது? நிகண்டு காலத்தில் எழுந்த இவ்வினா கணினியின் தரவுத்தளத்திலும் எழுகிறது. விடை பிழைத்தால் ஓர் அகராதியே அழிந்துபோகவும் கூடும்.

ஏலாக்குறிச்சியும் சதுரகராதியும்

அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்திற்கு வடக்கே அமைந்த ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்ற பெயரும் உண்டு. 1680இல் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் இவ்வூரில் தங்கித் தமிழ்ப்பணி ஆற்றினார். திருக்காவலூர்க் கலம்பகம் இவ்வூரைப் பாடுகிறது. அவர் 1732இல் தொகுத்த சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளைக் கொண்டது. ஒரு சொல்லின் பல பொருள்களை அறிய விரும்புவோர் பெயர்ப் பகுதியையும், ஒரு பொருளுக்குரிய பல சொற்களை நாடுவோர் பொருட்பகுதியையும் பார்க்க வேண்டும். ஒரே சொல் இருவேறு பகுதிகளில் இருவேறு பணி செய்வதால், எப்பகுதியில் தேடுகிறோம் என்பதே விடையை முடிவு செய்கிறது.

உள்வினவலும் பெயரும்

தரவுத்தளமும் இத்தகைய அட்டவணைகளின் தொகுப்பே. ஒவ்வோர் அட்டவணையிலும் பெயரிடப்பட்ட நெடுவரிசைகள் இருக்கும். இம்முறைக்கு எட்கர் காட் 1970இல் அடித்தளமிட்டார். அதில் வினவுவதற்கான மொழியை டொனால்டு சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் வெளியிட்டனர்; அது பின்னர் எஸ்கியூஎல் எனப்பட்டது. இம்மொழியில் ஒரு வினவலுக்குள் மற்றொன்றை அமைக்கலாம். உள்ளே அமைவது உள்வினவல்.

உள்வினவலில் ஒரு நெடுவரிசைப் பெயர் வந்தால், கணினி அதனை உள்வினவலின் அட்டவணையில் முதலில் தேடும். கிடைத்தால் அதனையே கொள்ளும்; வெளியே அதே பெயர் இருப்பினும் பொருட்படுத்தாது. கிடைக்காவிடில் ஒருபடி வெளியே வந்து புறவினவலின் அட்டவணையில் தேடும். எங்கும் இல்லையெனில் மட்டுமே பிழை என அறிவிக்கும். புறவினவலோ உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை.

வெளியே சென்று தேடும் இவ்வுரிமை பயனுடையது. புறவினவலின் ஒவ்வொரு கிடைவரிசையையும் உள்ளிருப்பதோடு ஒப்பிட அதுவே வழி. ஆனால் கேடும் அங்கேயே ஒளிந்திருக்கிறது.

சதுரகராதியைத் தரவுத்தளமாக்குவதாகக் கொள்வோம். 'பெயர்' அட்டவணையில் 'சொல்' என்ற நெடுவரிசை உள்ளது. 'தொகை' அட்டவணையிலோ அது 'தொகைச்சொல்' எனப் பெயர் பெற்றுள்ளது. தொகையில் இடம்பெற்ற சொற்களைப் பெயரிலிருந்து நீக்க விரும்பும் ஒருவர், உள்வினவலில் 'தொகைச்சொல்' என எழுதாமல் 'சொல்' என எழுதிவிடுகிறார். தொகையில் அப்பெயர் இல்லை. கணினி வெளியே வந்து, பெயர் அட்டவணையின் 'சொல்' என்பதையே எடுத்துக்கொள்கிறது. 'நீர்' என்ற வரிசை வரும்போது உள்வினவல் 'நீர்' என்றே விடை தருகிறது. நீர் நீரோடு ஒத்ததால் அவ்வரிசை நீக்கப்படும். 'மலை' வந்தால் மலையும் அவ்வாறே. தொகையில் ஒரு வரிசையேனும் இருந்தால் போதும். பெயர் அட்டவணையின் சொற்கள் அனைத்தும் மறையும். எச்சரிக்கை ஏதும் வாராது. கணினியைப் பொறுத்தவரை அனைத்தும் விதிப்படியே நடந்தன.

நன்னூல் காட்டும் வழி

இதற்குத் தீர்வு, நெடுவரிசைப் பெயருக்கு முன் அட்டவணையின் பெயரையும் புள்ளியிட்டு எழுதுவது. 'தொகை.சொல்' என்று எழுதியிருந்தால் கணினி வெளியே செல்லாது. அப்படியொரு நெடுவரிசை இல்லை என்று கூறி நின்றுவிடும். பிழைச்செய்தி இங்கே ஒரு நன்மை.

நன்னூலார் இந்நெறியை முன்னரே வகுத்தார். பலபொருள் ஒருசொல்லை வினை, சார்பு, இனம், இடம் ஆகியவை விளக்கும். அவற்றாலும் விளங்காதபோது அடைகொடுத்துக் கூற வேண்டும் என்பது அவர் கருத்து. 'மா பூத்தது' எனில் பூத்தல் என்னும் வினையே மரத்தைக் காட்டிவிடும். 'மா வீழ்ந்தது' எனில் விலங்கோ மரமோ தெரியாது. 'மாமரம் வீழ்ந்தது' என்றே சொல்ல வேண்டும்.

எழுத்திலும் இச்சிக்கல் இருந்தது. ஓலைச்சுவடிகளில் புள்ளி விடுபட்டதால் எரியும் ஏரியும் ஒரே வடிவில் நின்றன; படிப்பவர் சூழலைக் கொண்டே உணர்ந்தனர். வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் தந்து, படிப்பவரின் ஊகத்திற்கு விடப்பட்டதை எழுத்திலேயே தெளிவாக்கினார்.

கற்பவை கற்றபின்

பெயர், தொகை ஆகிய இரண்டு அட்டவணைகளிலும் 'சொல்' என்ற நெடுவரிசை இருப்பதாகக் கொள்க. உள்வினவலில் அடையின்றிச் 'சொல்' என எழுதினால் கணினி எதனைக் கொள்ளும்? காரணத்துடன் எழுதுக.