காதல், காதலன், காதலர்: ஆறாம் அட்டை சொல்லும் பாடம்

கடந்த பருவத் தேர்வுக்கு முந்திய வாரம். விடுதி அறையில் நான் மீள்பார்வை செய்துகொண்டிருந்தேன். எதிர்க் கட்டிலில் என் அறைத்தோழி டாரோட் அட்டைகளைக் கலைத்துப் பரப்பி, கண்களை மூடி ஒன்றை உருவினாள். வந்தது ஆறாம் அட்டை, ‘காதலர்’.

“பாத்தியா, கார்டே சொல்லிருச்சு லா!” என்று துள்ளிக் குதித்தாள்.

அவள் மகிழ்ச்சிக்குக் காரணம் உண்டு. சிங்கப்பூரில் வேலை செய்யும் அவளுடைய காதலர், வரும் விடுமுறையில் பதிவுத் திருமணம் செய்துகொள்ள வேண்டும் என்கிறார். வீட்டுக்கு இப்போது தெரிய வேண்டாம், படிப்பை ஒரு பருவம் ஒத்தி வைத்தால் போதும் என்பது அவர் திட்டம். இவளோ முடிவெடுக்க முடியாமல் மூன்று வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. இப்போது அட்டை முடிவெடுத்துக் கொடுத்துவிட்டது!

எனக்கு ஆருடத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால், அந்தப் படம் உண்மையிலேயே ‘சரி’ என்றுதான் சொல்கிறதா என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை. தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

விளையாட்டாய்ப் பிறந்தது

டாரோட் கட்டில் மொத்தம் 78 அட்டைகள். அவற்றில் 22 பெரிய அட்டைகள், 56 சிறிய அட்டைகள். இது எகிப்தியர்களின் இரகசிய ஞானம் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி எழுதிப் பரப்பியவர்களுள் முக்கியமானவர் 1781இல் பிரான்சில் கூர் தெ ஜெபலின். அதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியின் பிரபுக்கள் சீட்டாடுவதற்காக உருவானவையே இவ்வட்டைகள். ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் மைக்கேல் டம்மெட் 1980இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இதை விரிவாக நிறுவினார். பிரான்சில் இன்றும் டாரோட் ஒரு சீட்டாட்டமே.

ஆகவே, இந்த அட்டைக்கு வானத்திலிருந்து இறங்கிய பொருள் என்று ஒன்றும் இல்லை. காலத்துக்குக் காலம் மனிதர்கள் அதன் படத்தை மாற்றினார்கள், பெயரையும் மாற்றினார்கள். தமிழ் படிக்கும் நமக்குச் சுவையான செய்தி அந்தப் பெயர் மாற்றத்தில்தான் இருக்கிறது.

முதலில்: காதல்

பழைய இத்தாலியப் பட்டியல்களில் இந்த அட்டையின் பெயர் ‘காதல்’ என்பதே. 1450ஆம் ஆண்டளவில் மிலான் நகர ஆட்சியாளர்களுக்காகத் தீட்டப்பட்ட விஸ்கொந்தி-ஸ்ஃபோர்சா அட்டையில் ஓர் ஆணும் பெண்ணும் கைகோத்து நிற்கிறார்கள். அவர்களுக்கு மேலே, கண்கள் கட்டப்பட்ட நிலையில், மேலை நாட்டு மன்மதனாகிய கியூபிட்.

கண் கட்டப்பட்ட தெய்வம் எய்யும் அம்பு யார்மேல் பட்டாலும் படலாம். இங்கே காதல் என்பது மனிதருக்கு நேர்வது. அவர்கள் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை. ‘காதல்’ அஃறிணைப் பெயர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். காற்றைப்போல, மழையைப்போல அது வருகிறது.

அடுத்து: காதலன்

பிறகு பிரெஞ்சுக்காரர்களின் மார்செய் வகை அட்டைகள் பரவின. அங்கே பெயர் ஆண்பால் ஒருமைக்கு மாறியது: ‘காதலன்’. படத்திலும் ஓர் இளைஞன் இரண்டு பெண்களுக்கு நடுவே நிற்கிறான். மேலே கியூபிட் வில்லை வளைத்துக் குறிபார்க்கிறான்.

அந்தப் பெண்கள் யார்? ஒருத்தி அறம், மற்றவள் இன்பம் என்றனர் சிலர். கிரேக்கப் புராண வீரன் ஹெர்குலிஸ் இரு பெண்களில் ஒருத்தியின் வழியைத் தேர்ந்த கதையை இதற்கு ஒப்பிட்டனர். ஒருத்தி தாய், மற்றவள் மணப்பெண் என்றனர் வேறு சிலர். எப்படியிருந்தாலும், காதல் அட்டை தேர்வின் அட்டையாக மாறிவிட்டது. ஆனால் ஒரு குறை. தேர்ந்தெடுப்பவன் அவன் ஒருவனே. பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட வேண்டியவர்களாகவே நிற்கிறார்கள்.

இறுதியில்: காதலர்

1909இல் இலண்டனில் ரைடர் நிறுவனம் ஒரு புதிய கட்டை வெளியிட்டது. கருத்து ஆர்தர் எட்வர்ட் வெயிட்டினுடையது. ஓவியம் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண்மணியுடையது. என் தோழி வைத்திருப்பதும் இந்தக் கட்டின் மறுபதிப்புதான். இதில் பெயர் பன்மையானது: ‘காதலர்’. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போட்ட பால் பாகுபாடு எனக்கு நினைவுக்கு வந்தது. ‘அன்’ போய் ‘அர்’ வந்ததும் பெண்ணும் எழுவாயாகிவிட்டாள்!

படத்தில் ஆதாமும் ஏவாளும் நிற்கிறார்கள். அவனுக்குப் பின்னால் பன்னிரண்டு தீச்சுடர்கள் கொண்ட மரம். அவளுக்குப் பின்னால் பாம்பு சுற்றிய கனிமரம். நடுவே ஒரு மலை. மேலே சூரியன், அதன்கீழ் மேகத்திலிருந்து எழும் தேவதூதர். ஆண் பெண்ணைப் பார்க்கிறான். பெண் தேவதூதரைப் பார்க்கிறாள்.

மூன்று செய்திகளை நான் கவனித்தேன். ஒன்று, கண்கட்டு இல்லை. இரண்டு, இருவரும் ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை. இடைவெளி விட்டுத் தத்தம் காலில் நிற்கிறார்கள். மூன்று, இருவர் உடலிலும் ஆடை இல்லை; தலைக்கு மேலே நண்பகல் வெயில். அதாவது, மறைப்பதற்கு எதுவும் இல்லை.

அட்டை படிப்பவர்கள் இதற்கு அன்பு, இணக்கம், மனமறிந்த தேர்வு என்று பொருள் கூறுவார்கள். தலைகீழாக வந்தால் பிணக்கு, தடுமாற்றம் என்பார்கள்.

இதே கட்டின் பதினைந்தாம் அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதன் பெயர் ‘சாத்தான்’. அதே ஆண், அதே பெண், அதே நிற்கும் அமைப்பு. ஆனால் சூரியன் இல்லை. பின்னணி முழுவதும் இருட்டு. இருவர் கழுத்திலும் சங்கிலி. உற்றுப் பார்த்தால் சங்கிலி தளர்வாகத்தான் கிடக்கிறது. விரும்பினால் கழற்றிவிடலாம். வெளிச்சத்தில் நிற்கும் காதலுக்கும் இருட்டில் நிற்கும் காதலுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக வரைய முடியுமா?

மீண்டும் விடுதி அறைக்கு

இரண்டு அட்டைகளையும் தோழியின் முன்னால் வைத்து, படித்ததைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தாள்.

“அப்போ, கார்டு வேணாம்னு சொல்லுதா?”

“வேணாம்னும் சொல்லல, வேணும்னும் சொல்லல. ஒளிச்சு வைக்காம முடிவு எடுன்னு சொல்லுது. இந்தப் படத்துல நிக்கிற மாதிரி உன்னால வெயில்ல நிக்க முடியுமா?”

அவள் அட்டைகளை அடுக்கிப் பெட்டியில் வைத்தாள். அன்றிரவு தன் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தாள். நான் நடைபாதைக்கு எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அன்று அவள் நன்றாகத் தூங்கினாள் என்பது மட்டும் தெரியும்.

நண்பர்களே! கிளி எடுத்துத் தரும் சீட்டாகட்டும், இத்தாலியிலிருந்து வந்த அட்டையாகட்டும், நம் இடத்தில் நின்று எதுவும் நமக்காகத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆறாம் அட்டை உங்கள் கைக்கு வந்தால், யாரைத் தேர்வது என்று அதனிடம் கேட்காதீர்கள். என் தேர்வை என்னால் வெளிச்சத்தில் சொல்ல முடியுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். முடியும் என்றால், அட்டையே தேவையில்லை.