சீனத்துக் கிராமமும் அரக்கோணம் வண்டியும்



சீனா என்றதும் நமக்கு ஞாபகம் வருவது என்ன? விலை குறைந்த பொம்மை, செல்போன், அப்புறம் அந்த நீளமான சுவர். ஆனால் அதே சீனாவில் 1959 முதல் 1961 வரை வந்த பஞ்சத்தில் கோடிக்கணக்கான கிராமத்து ஜனங்கள் செத்துப் போனார்கள். பிறகு 1978-க்கு அப்புறம் நாற்பது வருஷத்தில் ஏறக்குறைய 80 கோடிப் பேர் கடும் வறுமையிலிருந்து வெளியே வந்தார்கள் என்று உலக வங்கி சொல்கிறது. இது எப்படி நடந்தது என்று பொருளியல் வகுப்பில் கேட்டேன். "முதல்ல உங்க தாத்தா எப்படி இங்க வந்தாருன்னு கேட்டுட்டு வா" என்றார் சார். கேட்டேன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தாத்தாவுக்கு வந்தவாசி பக்கம் ஒரு கிராமம். ஒரு காணி நிலம். ஏரி நிரம்பினால் நெல், நிரம்பாவிட்டால் மல்லாட்டை. அந்த ஒரு காணியில் வீட்டில் இருந்த ஆறு பேரும் வேலை செய்தார்கள். "நடவு பத்து நாளு, களை அஞ்சாறு நாளு, அறுப்பு ஒரு வாரம். மிச்ச நாளெல்லாம் ஏரிக்கரை மேல உக்காந்து பேசிக்கினு இருப்போம் கண்ணு. ஆனா யாராச்சும் கேட்டா விவசாயம்னுதான் சொல்லுவோம்" என்றார்.

நம்ம பாடப்புத்தகத்தில் 'மறைமுக வேலையின்மை' என்று வருகிறதே, அது இதுதான்! இலக்கணத்தை மனப்பாடம் செய்வதை விட ஒரு சோதனை செய்து பாருங்கள். ஆறு பேரில் மூணு பேரை வெளியே அனுப்புங்கள். விளைச்சல் ஒரு மரக்கால் கூடக் குறையவில்லையா? அப்படியானால் அந்த மூணு பேருக்கும் அங்கே உண்மையில் வேலை இல்லை. ஆர்தர் லூயிஸ் என்ற பொருளியல் அறிஞர் 1954-இல் இதைத்தான் எழுதினார்: வயலில் மிகுதியாக இருக்கும் ஆட்கள் தொழிற்சாலைக்குப் போனால் வயலுக்கும் நஷ்டமில்லை, நாட்டுக்கு லாபம். 1979-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் நாடாளுமன்றம் 2005-இல் ஊரக வேலை உறுதிச் சட்டம் போட்டு வருஷத்துக்கு 100 நாள் என்று எழுதியதும் ஏரிக்கரையில் பேசிக் கழியும் இந்த நாட்களைப் பார்த்துத்தான்.

சரி, தொழிற்சாலை எங்கே? இங்கேதான் நம்ம ஊர் வருகிறது. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. யு.என். தேபர் தலைவர், காமராஜர் அப்போது முதலமைச்சர். 'சோஷலிச பாணி சமுதாயம்' என்ற தீர்மானம் அதில்தான் நிறைவேறியது. ஒரு மார்க் கேள்விக்காக இதைப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். நடந்த இடமோ கோவில்பதாகையிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்! அதே வருஷம் அக்டோபரில் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. 1965-இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் 'விஜயந்தா' டாங்கி வெளியே வந்தது. 1974-இல் தாத்தா வந்தார். எஸ்டேட்டில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப், லேத் மெஷினுக்கு ஹெல்பர். அவருக்கு சோஷலிசம் எல்லாம் தெரியாது. சனிக்கிழமை சனிக்கிழமை கூலி கிடைக்கும் என்பது தெரியும்.

சீனாவில் பாதை வேறு மாதிரி போனது. அன்ஹுய் மாகாணத்தில் ஷியாவ்காங் என்ற கிராமத்தில் 1978 கடைசியில் 18 விவசாயிகள் ரகசியமாகக் கூடி, கூட்டுப்பண்ணை நிலத்தைக் குடும்பத்துக்குக் குடும்பம் பிரித்துக்கொண்டு கைநாட்டு வைத்தார்கள். பிடிபட்டால் சிறைதான். ஆனால் மகசூல் கூடியது. பிறகு அரசாங்கமே அந்த முறையை நாடு முழுக்கக் கொண்டுவந்தது. வயலில் ஆள் மிச்சமானபோது கிராமத்துக்குப் பக்கத்திலேயே சின்னச் சின்னத் தொழிற்சாலைகள் தோன்றின. 1978-இல் அவற்றில் வேலை செய்தவர்கள் 2.8 கோடி, 1996-இல் 13.5 கோடி. மண்ணை விடலாம், ஊரை விட வேண்டாம் என்பது அப்போதைய கொள்கை. நம்ம பக்கமும் இது உண்டு. காலையில் அரக்கோணத்திலிருந்து வரும் வண்டியைப் பாருங்கள். சீசன் டிக்கெட்டும் டிபன் பாக்ஸுமாக வந்து பட்டரவாக்கத்தில் இறங்குகிற கூட்டம் சாயங்காலம் தன் ஊருக்கே திரும்பிப் போகிறது.

இடையில் ஒரு விஷயம். வறுமை ஒழிந்தது என்று யார் சொன்னாலும், கோடு எங்கே போட்டிருக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். சீனா 2021 பிப்ரவரியில் கடும் வறுமையை ஒழித்துவிட்டதாக அறிவித்தது. அதன் கோடு 2010 விலையில் வருஷத்துக்கு 2,300 யுவான், அதாவது நாளுக்கு ஆறு யுவான் சொச்சம். அதற்கு முந்தின வருஷம்தான் அந்நாட்டுப் பிரதமர் லி கெச்சியாங், 60 கோடிப் பேருக்கு மாத வருமானம் 1,000 யுவான் அளவில்தான் இருக்கிறது என்றார். நம் நாட்டில் டெண்டுல்கர் குழு முறைப்படி 2011-12-இல் கிராமத்துக் கோடு மாதம் 816 ரூபாய். நாளுக்கு 27 ரூபாய். அந்தக் காசில் என்ன சமைக்கலாம் என்று அவரவர் அம்மாவைக் கேளுங்கள், திட்டு நிச்சயம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வேலைக்கு ஆள் நகரத்துக்கு வந்துவிடுகிறார். அவர் பிள்ளை?

சீனாவில் 1958 முதல் 'ஹுகோவ்' என்ற பதிவு முறை இருக்கிறது. ஒவ்வொருவரும் எந்த ஊர் என்று பதிவாகியிருக்கும். பள்ளி, ஆஸ்பத்திரி, ஓய்வூதியம் எல்லாம் அந்தப் பதிவைத் தொட்டுத்தான். கிராமத்து ஆள் நகரத்தில் இருபது வருஷம் கட்டடம் கட்டினாலும் பதிவு கிராமத்திலேயே இருக்கும். பிள்ளையை நகரத்துப் பள்ளியில் சேர்க்கப் பல ஊர்களில் தனிக் கட்டணம் கேட்டார்கள். கல்லூரி நுழைவுத் தேர்வைப் பொதுவாகப் பதிவு இருக்கும் மாகாணத்துக்குப் போய்த்தான் எழுத வேண்டும். 2014-க்குப் பிறகு சின்ன நகரங்களில் விதிகள் தளர்ந்தன. பெய்ஜிங், ஷாங்காய் மாதிரி ஊர்களில் இன்னும் கடினம்தான். அதனால் அப்பா அம்மா நகரத்தில், பிள்ளை பாட்டியிடம். இப்படி விடப்பட்ட குழந்தைகள் 6.1 கோடி என்று 2010 மக்கள்தொகைக் கணக்கை வைத்துச் சொன்னார்கள். 2016-இல் அரசு எண்ணியபோது 90 லட்சம்தான் வந்தது. மீதிக் குழந்தைகளின் அப்பா அம்மா எல்லாம் ஊர் திரும்பிவிடவில்லை! இரண்டு பேரும் வெளியூரில் இருந்தால்தான், அல்லது ஒருவர் போய் இன்னொருவர் வளர்க்க முடியாத நிலையில் இருந்தால்தான் கணக்கு என்று விதியை மாற்றினார்கள். இங்கேயும் கோடுதான் நகர்ந்தது.

தாத்தா 1983-இல் குடும்பத்தை அழைத்து வந்தார். ரேஷன் கார்டை ஊரில் ஒப்படைத்து, சான்று வாங்கி, இங்கே புதுக் கார்டு வாங்க மூணு மாசம் அலைந்தாராம். ஆனால் அப்பாவை டி.சி. காட்டி ஒரே நாளில் மூணாம் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். எந்த ஊர்க்காரன் என்று கேட்டுச் சோறு போடவில்லை. 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு அப்போது நகரத்துப் பள்ளிகளுக்கும் வந்திருந்தது. அப்பா மதியம் பள்ளியில் சாப்பிட்டார், பாட்டி நிம்மதியாக வேலைக்குப் போனார். எங்கள் குடும்பம் வறுமையிலிருந்து ஏறியதில் லேத் மெஷினுக்கு எவ்வளவு பங்கோ அந்தத் தட்டுக்கும் அவ்வளவு பங்கு என்பது என் கருத்து.

இதோடு நிறுத்தினால் நம்மை நாமே தட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். வந்தவாசிக்காரருக்கு இங்கே கதவு திறந்திருந்தது. ஒடிசாக்காரருக்கு? நம் திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு பலாங்கீர் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். பள்ளி வருஷத்தின் நடுவில் வருவதால் பிள்ளைகளின் படிப்பு அறுந்துபோகும். சூளை அருகிலேயே மையம் வைத்து, ஒடிசாவிலிருந்து ஒடியா புத்தகம் வரவழைத்துப் பாடம் நடத்தியது உண்மையிலேயே நல்ல காரியம். ஆனால் ரேஷனில், 2020 அக்டோபர் 1-இல் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' இங்கே வரும்வரை அவர்கள் ஊர்க் கார்டு நம்ம ஊரில் வெறும் அட்டைதான். அதற்குப் பிறகும் தமிழ்நாடு அரசு சொந்தமாகத் தரும் துவரம் பருப்பும் பாமாயிலும் அந்தக் கார்டுக்குக் கிடையாது.

என் பக்கத்தில் உட்காருகிற நண்பனின் அப்பா எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறார். ஒடிசாதான் ஊர். இவன் நம்மை விடச் சுத்தமாகத் தமிழ் எழுதுகிறான், தமிழம்மாவே சொல்வார். தம்பி மட்டும் ஊரில் பாட்டியிடம் இருக்கிறான். ஏன்டா என்று கேட்டேன். ஊர்ப் பள்ளியில் டி.சி. தர இழுத்தடிக்கிறார்கள், அது இல்லாமல் இங்கே சேர்க்க மாட்டார்கள் என்று வீட்டில் நினைத்துக் கொண்டிருக்கிறார்களாம். 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை டி.சி. வரத் தாமதம் என்று காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது, வருஷத்தின் நடுவிலும் சேர்க்கலாம். போன வாரம் இதைச் சொன்னேன். சாயங்காலமே அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டான். அடுத்த மாதம் தம்பி ரயில் ஏறுகிறான்.