கல்லில் எழுதிய பாடம்

சங்கரன்கோவிலுக்குக் கல்விச் செலவு மேற்கொள்ளும் நாம், ஒரே திருமேனியில் சிவனும் திருமாலும் அமைந்த சங்கரநாராயணர் சந்நிதியைக் கண்டதோடு மீளலாகாது. கிழக்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கழுகுமலையையும் காணுதல் வேண்டும்.

அங்குள்ள வெட்டுவான் கோவில், பாண்டியர் காலத்தில், 8ஆம் நூற்றாண்டளவில், ஒரே பாறையில் வெட்டப்பெற்றது. அதன் சிகரம் சிற்பங்களால் பொலிய, அடிப்பகுதியோ குறையாய் நிற்கின்றது. சிற்பியர் மேலிருந்து கீழ்நோக்கியே செதுக்கி வந்தனர் என்பதை இதனால் நாம் நேரிற் கண்டு தெளிகின்றோம். முற்றுப்பெற்ற கோவில் மறைத்துவிடும் தொழின்முறையை முற்றுப்பெறாத இக்கோவில் விளக்குகின்றது.

அம்மலையிலேயே சமண தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசை வரிசையாக விளங்குகின்றன. அவற்றின் கீழ், உருவம் செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. ஆசிரியரும் மாணாக்கரும், குரத்தியர் எனப்பெற்ற பெண் துறவியரும் அவற்றுட் குறிக்கப்படுகின்றனர். ஆயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட மாணாக்கர் பெயரை இன்றைய மாணாக்கராகிய நாம் காண்பது எத்துணைப் பெரும்பேறு!

அந்தோ! பழஞ்சின்னங்களைக் காணச் செல்வோருட் சிலர், ஆணி கொண்டு தம் பெயரைப் பாறையிற் கீறி வருகின்றனர். அக்கீறலாற் சிதைந்த எழுத்து மீண்டும் உருப்பெறாது. அவர்கள் திருப்பணி செய்து பெயர் பொறித்தனர். ஒன்றும் செய்யாத நாம் அதனை அழித்தல் தகுமோ? கண்டவற்றைக் குறிப்பேட்டில் எழுதுவோம். கல்லைக் கல்லாகவே வருவோர்க்கு விட்டு மீள்வோம்.