தைராய்டு ஆபரேஷன்: கத்தியோடு முடிவதில்லை



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் தைராய்டு ஆபரேஷனுக்கானவையும் உண்டு. செலவைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. "கட்டியைத்தான் எடுத்தாயிற்றே, இனி மாத்திரை எதற்கு?" என்று நிறுத்திவிடுபவர்களும் இருக்கிறார்கள். அது எவ்வளவு பெரிய தவறு என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

தைராய்டு என்பது குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயை ஒட்டி, வண்ணத்துப்பூச்சி வடிவில் உள்ள சிறு சுரப்பி. அது சுரக்கும் ஹார்மோன் இரத்தத்தில் கலந்து இதயத்துடிப்பு, உடல் சூடு, செரிமானம், மாதவிடாய், குழந்தைகளின் வளர்ச்சி எல்லாவற்றையும் சீராக வைக்கிறது.

யாருக்கு ஆபரேஷன்?

தைராய்டு குறைவாகச் சுரப்பதற்கு ஆபரேஷன் மருந்தல்ல. அதற்கு மாத்திரை போதும். கழுத்தில் கட்டி இருந்தாலே கத்தி வைக்க வேண்டும் என்பதும் இல்லை. பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், தேவைப்பட்டால் ஊசியால் திசு எடுத்துப் பார்த்தல் ஆகியவற்றுக்குப் பிறகே முடிவு செய்வார்கள். புற்றுநோய் அல்லது அந்தச் சந்தேகம், மூச்சையோ விழுங்குவதையோ தடுக்கும் பெரிய கழலை, மருந்துக்குக் கட்டுப்படாத அதிகச் சுரப்பு ஆகியவையே முக்கியக் காரணங்கள். அதிகச் சுரப்பு உள்ளவர்களுக்கு முதலில் மருந்தால் அதைக் கட்டுப்படுத்திய பிறகே ஆபரேஷன் செய்வார்கள். அவசரப்படுத்தக் கூடாது.

வரலாறு சொல்லும் பாடம்

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோக்கர் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். கழலை ஆபரேஷனில் பலர் இரத்தப்போக்கால் இறந்துகொண்டிருந்த காலம் அது. அவர் நிதானமாக, இரத்தம் சிந்தாமல், சுரப்பியை முழுவதுமாக எடுத்தார். நோயாளிகள் பிழைத்தார்கள். ஆனால் அவர்களைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தபோது பெரும்பாலோர் முகம் வீங்கி, சோர்ந்து, புத்தி மந்தமாகியிருந்தார்கள். சிறுவர்களின் வளர்ச்சி நின்றுபோயிருந்தது. 1883-ல் இதை அவரே மருத்துவர் சபையில் எடுத்துரைத்தார். 1909-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதற்குத் தீர்வு 1891-ல் இங்கிலாந்தில் வந்தது. ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், தைராய்டு சுரப்பு குன்றிய ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி மூலம் செலுத்தினார். அந்தப் பெண் அதன் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று அந்தச் சாற்றின் இடத்தில் இருப்பதுதான் நாம் அலட்சியமாக நிறுத்திவிடும் அந்தச் சிறு மாத்திரை.

முன்பே கேட்க வேண்டியவை

பாதிச் சுரப்பியை எடுப்பீர்களா, முழுவதுமா என்று கேளுங்கள். பாதி எடுத்தால் சிலருக்கு மாத்திரை தேவைப்படாது. ஆனால் இரத்தப் பரிசோதனை தேவை. முழுவதும் எடுத்தால் ஆயுள் முழுதும் மாத்திரை. சுரப்பியின் பின்புறம் குரலை இயக்கும் நரம்புகளும், கால்சியத்தைக் கவனிக்கும் அரிசி மணியளவு நான்கு சுரப்பிகளும் உள்ளன. எனவே இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்து பழகிய மருத்துவரைத் தேடுங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கென்றே தனித்துறை உள்ளது.

பிறகு கவனிக்க வேண்டியவை

* கழுத்து வீங்கி மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.
* முதல் சில நாட்களில் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரத்துப்போனாலோ, கை கால் இழுத்துப் பிடித்தாலோ கால்சியம் குறைந்திருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.
* தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, குறைந்தது அரை மணி நேரம் கழித்தே தேநீரோ உணவோ எடுக்க வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.
* ரமலானில் மாத்திரையை விட்டுவிடாதீர்கள். இரவு உணவுக்கு மூன்று மணி நேரம் கழித்தோ, ஸஹர் உணவுக்கு அரை மணி நேரம் முன்போ எடுக்கலாம். எது உங்களுக்குப் பொருந்தும் என்று நோன்பு தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.
* கர்ப்பம் என்று தெரிந்தவுடன் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். அது குழந்தையின் மூளை வளர்ச்சிக்கும் சேர்த்துத்தான்.

செலவுக்காக நகையை அடகு வைக்கும் முன், மருத்துவமனையில் உள்ள முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டப் பிரிவில் விசாரியுங்கள். நம் அலுவலகத்திற்கு வரும்போது ஸ்கேன், இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் மாத்திரைச் சீட்டையும் கொண்டு வாருங்கள். ஆபரேஷன் முடிந்து மாத்திரை வாங்கச் சிரமப்படுபவர்களும் தயங்காமல் வரலாம்.